சீனக்குடா விமானத்தளமும் வேலிக்கு வெளியே நின்ற கொங்கிரீற் கட்டடமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை மாவட்டத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுந்த கட்டடங்களைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு கைநூல் தயாரித்துக்கொண்டிருந்தோம். குழு சிறியது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர், வரலாற்று ஆசிரியை ஒருவர், கிண்ணியாவைச் சேர்ந்த வயதான மேசன் ஒருவர், பதிவுகளை எழுதுகிறவன் என்ற முறையில் நான், இன்னும் சிலர்.

வேலை பாதியில் இருந்தபோது சீனக்குடாப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. விமானப்படை முகாமின் வேலிக்கு வெளியே, தனியார் காணி ஒன்றில், பற்றைக்குள் பழைய கொங்கிரீற் கட்டடம் ஒன்று நிற்கிறது. காணிக்காரர் அதை இடித்துச் சல்லியாக்கி வீட்டுக்கு அத்திவாரம் போடப் போகிறார் என்றார்கள். ஊரில் அதற்கு ‘ஒப்பரேஷன் ரூம்’ என்று பெயர். 1942இல் யப்பான்காரன் குண்டு போட வந்தபோது, முதல் தகவல் வந்து சேர்ந்ததும் விமானங்களை மேலே எழுப்பச் சொல்லிக் கட்டளை போனதும் அங்கிருந்துதான் என்பது பலரும் சொல்லும் கதை.

காணிக்காரருக்கு இந்தக் கதையில் பெரிய ஈடுபாடு இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, பற்றை வெட்டித் தன் எல்லைக் கற்களைத் தேடிப் பிடித்தவர் அவர். “என்ர வீடு இருந்த இடத்தில ஒரு கல் மிஞ்சேல்லை. வெள்ளைக்காரன் கட்டினது மட்டும் அப்பிடியே நிக்குது, பாருங்கோ” என்றார். கட்டடத்தைக் காப்பாற்றுவது பற்றி எவர் பேசினாலும் இந்தப் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த இடத்தின் போர்க்காலம்

ஊர்க்கதையைச் சோதிக்க, சீனக்குடாத் தளத்தில் என்ன எப்போது நடந்தது என்பதை வரிசைப்படுத்தினோம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. யப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அங்கே எச்சரிக்கை பிந்தியது. யப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது கொழும்புக்கு அருகே இரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் இன்னும் தரையில் நின்றன. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 வியாழக்கிழமை காலை, திருகோணமலையின் முறை. இங்கே நிலைமை வேறு. முந்தின நாளே ரோந்து விமானம் ஒன்று கப்பற்படையைக் கிழக்கே கண்டிருந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடிரவாக வெளியே அனுப்பினார்கள். காலை 7 மணி தாண்டியவுடன் ராடர் நிலையம் சுமார் 90 மைல் தூரத்தில் வரும் விமானக்கூட்டத்தைப் பிடித்தது.

90 மைல் என்பது அந்தக் காலத்துக் குண்டுவீச்சு விமானத்துக்கு அரைமணி நேரப் பறப்பு. ஒப்பரேஷன் கட்டடத்தின் முழு வேலையும் அந்த அரைமணிக்குள்தான். ராடரிலிருந்து தொலைபேசியில் வரும் இடக்குறியைக் காதில் கேட்டு, கட்டம் போட்ட பெரிய வரைபட மேசையில் நீண்ட கோலால் அடையாளக் காயை நகர்த்துவார்கள். சுவரில் உள்ள மணிக்கூட்டின் முகத்தில் ஐந்து ஐந்து நிமிடத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி நிறம் பூசியிருக்கும். தகவல் வந்த நேரத்தில் நிமிட முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ அந்த நிறக் காயையே மேசையில் வைக்க வேண்டும். மேலே உயர்ந்த தளத்தில் இருந்து பார்க்கும் அதிகாரிக்கு எந்தச் செய்தி புதியது, எது பழசாகிப் போனது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். விமானங்களை எழுப்புவதா, எத்தனையை, எந்த உயரத்துக்கு என்பதை அவர் அங்கிருந்து தீர்மானிப்பார்.

அன்று காலை சீனக்குடாவிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணியின் ஹரிக்கேன்கள் நேரத்துக்கு எழுந்தன, ஃபுல்மார் போர்விமானங்களும் போயின. எழுந்ததால் சேதம் இல்லை என்று பொருளல்ல. 8 ஹரிக்கேன்களும் 3 ஃபுல்மார்களும் வீழ்ந்தன. துறைமுகமும் தளமும் அடிபட்டன; எண்ணெய்க் குதம் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. இரவு வெளியேறித் தெற்கே போன ஹேர்மஸ் விமானந்தாங்கிக் கப்பலும் வம்பயர் நாசகாரிக் கப்பலும் அதே காலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள்.

பலர் சீனக்குடாவின் கதையை இதோடு முடித்துவிடுவார்கள். ஆனால் தளம் உண்மையில் பெரிதானது அதன் பிறகுதான். 1944 தொடக்கத்தில் பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படை பலத்தோடு திருகோணமலைக்குத் திரும்பியது. ஏப்ரலில், சுமத்திராவின் வடமுனைக்கு அப்பால் யப்பானியர் கையில் இருந்த சபாங்கைத் தாக்கிய கப்பல்கள் இங்கிருந்து புறப்பட்டவை. பி-29 போன்ற கனமான அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்காக ஓடுபாதையை நீட்டினார்கள். 1944 ஓகஸ்ட் 10 அன்று 54 பி-29 விமானங்கள் சீனக்குடாவிலிருந்து எழுந்து சுமத்திராவின் பலம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கிப் போயின. போய்வர 3,800 மைலுக்கும் அதிகம். அந்த வேலைக்கு வேண்டிய மின்சாரம், எரிபொருள், தொலைபேசிக் கம்பிகள், ஆட்கள் எல்லாமே 1942இல் இருந்ததைவிடப் பல மடங்கு. எங்கள் கட்டடத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாம் காலம்தான் உதவியது.

கட்டடத்தில் கண்டவை

அளப்பதற்கு முன் ஊர்க்கதையை விரித்துக் கேட்பதில்லை என்று நில அளவையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கதை காதில் இருந்தால் கண் அதையே தேடும் என்பது அவர் அனுபவம். ஆகவே முதலில் அளவுநாடா பிடித்தோம்.

வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் ஒப்பரேஷன் ரூம் என்றுதான் தோன்றும். யன்னல் இல்லை. சுவர் தடிப்பு. கூரை ஒரே கொங்கிரீற் தட்டு. வாசலுக்கு நேரே ஆளுயரத்துக்கு மேலாக ஒரு மறைப்புச் சுவர். குண்டு அருகில் விழுந்தால் அதன் அதிர்ச்சி நேராக உள்ளே பாயாமல் தடுக்க எழுப்பியது. அதைச் சுற்றித் திரும்பித்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனதும் முதல் சந்தேகம் வந்தது. வரைபட மேசை போடும் அளவுக்குப் பெரிய மண்டபம் இல்லை. மேலிருந்து பார்க்கும் தளமும் இல்லை, அது இருந்து உடைந்த தழும்பும் இல்லை. ஒரு நடுத்தர அறை, பக்கத்தில் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். நடுத்தர அறையின் நிலத்தில், ஆட்டெருவையும் மண்ணையும் ஒதுக்கியபோது, நீள்சதுரமான கொங்கிரீற் மேடை ஒன்று வெளிப்பட்டது. மூலைகளில் தடித்த இரும்பு ஆணிகள் மேல்நோக்கி நின்றன, துரு ஏறி, மரை பாதி தேய்ந்து. மேடையைச் சுற்றி எண்ணெய் ஊறிய கறுப்பு. கையால் தேய்த்தால் இன்னும் பிசுபிசுத்தது. மேடைக்கு நேர் மேலே சுவரில் வட்டத் துவாரம். அதன் விளிம்பில் கரி. மேடையிலிருந்து சின்ன அறைக்குச் சாண் அகல வாய்க்கால் ஒன்று போய், அங்கிருந்து சுவருக்கு அடியால் வெளியேறி, முகாமின் வேலிப் பக்கம் திரும்பியது.

கிண்ணியா மேசனை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மேடையைப் பார்க்கவில்லை. வாசலில் உடைந்திருந்த சுவரின் அடியைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். “தளம் சுவருக்குக் கீழால போகுது. முதல்ல தளத்தை வார்த்துட்டுத்தான் மேல சுவர் வெச்சிருக்கான்” என்றார். மேடையும் தளமும் ஒரே வார்ப்பு, இடையில் பொருத்து இல்லை என்பதையும் அவர்தான் விரலால் தடவிக் காட்டினார். அப்புறம் ஆசிரியை மேடையின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்தபோது, சீமெந்து காயுமுன் ஆணியாலோ குச்சியாலோ கீறிய இலக்கங்கள் தெரிந்தன: 2, 44.

1944 பெப்ரவரி. தளமும் மேடையும் ஒரே வார்ப்பு, சுவர் அதற்குப் பிந்தியது என்றால், 1942 ஏப்ரலில் இந்தக் கட்டடமே இல்லை.

மீதியை ஊகிப்பது கடினமாக இருக்கவில்லை. போர்க்காலப் பிரித்தானிய விமானத்தளங்களில் ஒப்பரேஷன் கட்டடத்துக்கென்று தனி மின்பிறப்பாக்கி நிலையம் ஒன்று சற்றுத் தள்ளிக் கட்டுவது வழக்கம். பிரதான மின்சாரம் அறுந்தாலும் வெளிச்சம், காற்றோட்டம், வானொலி எதுவும் நிற்கக்கூடாது. ஒரே குண்டில் இரண்டு கட்டடமும் போகவும் கூடாது. மேடை, புகைத்துவாரம், எண்ணெய்க் கறை, வேலிப் பக்கம் போகும் கேபிள் வாய்க்கால் எல்லாம் அந்த வகைக் கட்டடத்தையே காட்டின.

மூதாட்டியின் பேச்சு

ஊர்க்கதைக்கு ஆதாரமாக எல்லோரும் கைகாட்டியது ஒரு மூதாட்டியை. குண்டு விழுந்த நாளில் சிறுமி. தகப்பன் தளத்தில் கல், மண் சுமந்தவர். ஆசிரியை அவரோடு பேசினார். பக்கத்தில் பேரன்மார் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள் என்பதால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் போனார்.

“அம்மம்மா, அந்தக் கட்டடத்துக்குள்ள என்ன நடந்தது?” என்று கேட்டபோது ஊர் சொல்வதையே அவரும் சொன்னார். குண்டு விழுந்த அன்று காலை அப்பு அந்தக் கட்டடத்திலிருந்துதான் ஓடிவந்தார். அம்மா அரிசியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பிள்ளைகளை இழுத்தபடி தம்பலகாமம் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்த்தால் குதப் பக்கம் வானமெல்லாம் கறுப்பு.

ஆசிரியை கேள்வியை மாற்றினார். “இரவில நீங்கள் படுத்திருக்கேக்க அந்தப் பக்கத்தில இருந்து ஏதும் கேட்குமா?”

“இஞ்சின் சத்தம், பிள்ளை. எல்லா நாளும் இல்லை. கரண்டு நிண்டாத்தான் அதை இயக்குவாங்கள் எண்டு அப்பு சொல்லுவார். நிலம் அதிரும். முதல்ல பயந்தனாங்கள், பிறகு அது கேட்டாத்தான் நித்திரை வரும்.”

இந்தப் பதிலை எவரும் அவருக்கு ஊட்டவில்லை. நாங்கள் மேடையைக் கண்ட விஷயம் அவருக்குத் தெரியாது. என் கணிப்பில் அவர் சொன்ன இரண்டுமே உண்மை. தகப்பன் 1942இல் தளத்தின் ஏதோ ஒரு வேலையிடத்திலிருந்து ஓடிவந்தார். 1944இல் வீட்டுக்குப் பக்கத்தில் இஞ்சின் ஓடியது. முதல் இடம் வேலிக்கு அப்பால் மறைந்துபோக, கண்ணுக்கு முன்னே எஞ்சி நின்ற ஒரே கட்டடத்தில் இரண்டு நினைவும் வந்து சேர்ந்துவிட்டன.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு பெயர் பற்றியது. குழுவில் சிலர் கைநூலில் ‘ஏப்ரல் 9 ஒப்பரேஷன் கட்டடம்’ என்றே போட விரும்பினார்கள். ஊர் விரும்பும் கதை, சுற்றுலாக்காரர் வருவார்கள், காணிக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய அக்கறை உண்மையானது. ஆனாலும் பிள்ளைகள் கையில் போகும் நூலில், மேடையில் கீறிய தேதிக்கு எதிரான ஒன்றை அச்சடிக்க முடியாது. ‘விமானத்தளத்தின் மின்பிறப்பாக்கி நிலையம் என்று கருதத்தக்கது, 1944’ என்று எழுதி, எதை வைத்து அப்படிக் கருதுகிறோம் என்பதையும் வரைபடத்தோடு சேர்ப்பது என்று முடிவாயிற்று. மூதாட்டியின் பேச்சை வெட்டாமல், திருத்தாமல் அதே பக்கத்தில் போட்டோம்.

இரண்டாவது, வேலி. கேபிள் வாய்க்கால் முகாமுக்குள் போகிறது என்று தெரிந்தும் அதைப் பின்தொடரவில்லை. வேலிப் பக்கம் கமராவைத் திருப்பவும் இல்லை. முகாம் இன்றும் இயங்கும் இராணுவத் தளம். பக்கத்தில் குடியிருப்பவர்கள் நாளைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். எங்கள் ஆர்வத்துக்காக அவர்கள் வாசலில் விசாரணை வந்து நிற்பதை எவரும் விரும்பவில்லை.

மூன்றாவது, காணிக்காரர். இடிக்காதே என்று சொல்லும் சட்ட வழி எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. இலங்கையின் தொல்பொருள் சட்டம் தானாகவே பாதுகாப்பது 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றை. பிந்திய கட்டடம் என்றால் அதற்கென்று தனியாகப் பிரகடனம் வேண்டும். அதற்கு விண்ணப்பித்தால், எப்போது முடியும் என்று தெரியாத ஒரு வழக்கில் அவருடைய காணி மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே பல ஆண்டுகள் காணியை இழந்திருந்த மனிதருக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. விண்ணப்பிக்கவில்லை. பதிலாக, அளந்து வரைந்து முடிக்கும்வரை பொறுக்கும்படி கேட்டோம்; அதற்குள் கட்டடத்தை அவருக்குப் பயன்படும்படி வைத்திருக்க முடியுமா என்று நானா பார்த்துச் சொல்வார் என்றோம். அவர் ஒத்துக்கொண்டார்.

பிறகு நடந்தது

கூரையில் கம்பி வெளியே தெரியும் இடங்களைத் தட்டிப் பார்த்த நானா, ஒரு மூலையைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் நெடுங்காலம் தாங்கும் என்றார். கொங்கிரீற்றை உடைக்கும் கூலி, சல்லி வாங்கும் காசைவிடக் கூடப் போகும் என்ற கணக்கையும் போட்டுக் காட்டினார். காணிக்காரரை மாற்றியது வரலாறு அல்ல, அந்தக் கணக்குத்தான். பெரிய அறையைப் பசளையும் வலையும் வைக்கும் களஞ்சியமாக்கிக்கொண்டார். மேடை அப்படியே இருக்கிறது. அதன் மேல் மூட்டைகளை அடுக்குகிறார், மழைக்கு நனையாது. லொறி உள்ளே வர வேண்டும் என்பதால் வாசல் மறைப்புச் சுவரை மட்டும் இடித்தார். இடிக்கும் நாளை முன்கூட்டிச் சொன்னபடியால் அதன் குறுக்குவெட்டையும் கம்பி கட்டிய முறையையும் படம் எடுக்க முடிந்தது. மறைப்புச் சுவர் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அது அவருடைய வாசல்.

கைநூல் வெளியானதும் ஊரில் சிலருக்கு மனத்தாங்கல். “எங்கட ஊர்ப் பெருமையைக் குறைச்சுப்போட்டீங்கள்” என்று ஒருவர் ஆசிரியையிடம் நேரே சொன்னார். ஒப்பரேஷன் ரூமைவிட இஞ்சின் அறை எந்த வகையிலும் சிறியதல்ல என்று ஆசிரியை அவருக்கு விளக்கினார். மின்சாரம் அறுந்தால் வரைபட மேசைக்கு மேல் வெளிச்சம் இல்லை. மேலே பறக்கும் விமானியோடு பேசும் வானொலியும் ஊமை. இரவில் விமானங்கள் எழும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதை விளக்கும் எரிந்தாக வேண்டும். அவர் முழுவதும் சமாதானமானார் என்று சொல்ல முடியாது. இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சர்ச்சையால் ஒரு நன்மையும் வந்தது. கைநூலில் கேபிள் வாய்க்காலின் படத்தைப் பார்த்த மீனவர் ஒருவர் காணிக்காரரைத் தேடி வந்தார். அவருடைய தகப்பன் கிணறு வெட்டும்போது கைத்தடிப்புக் கேபிள் ஒன்று அகப்பட்டதாம். வெளியுறை முழுக்க ஈயம். உறையை உரித்து உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்த்துவிட்டார்கள். ஒரு முழத்துண்டு மட்டும் கொட்டிலில் கிடக்கிறது. நில அளவையாளர் அந்தக் கிணற்றை வரைபடத்தில் குறித்து, வாய்க்கால் வெளியேறும் இடத்தோடு கோடு போட்டுப் பார்த்தார். கிணறு அந்தக் கோட்டிலேயே இருந்தது. கோடு வேலியைத் தாண்டி நேராக முகாமுக்குள் போகிறது.

அடுத்த முறை

இதே போன்ற இன்னொரு கட்டடத்தைப் பதிவுசெய்யும்போது சில ஒழுங்குகளை மாற்ற நினைத்திருக்கிறோம். முதியவர்களிடம் ‘அது என்ன கட்டடம்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, என்ன சத்தம் கேட்டது, என்ன மணம் வந்தது, யார் சாப்பாடு கொண்டுபோனார்கள், கூலி எங்கே கொடுத்தார்கள் என்று தொடங்குவோம். கட்டடத்தின் பெயரை ஊர் சேர்ந்து தீர்மானித்துவிடுகிறது. சத்தத்தையும் மணத்தையும் பற்றி ஊரில் எவரும் கதை கட்டுவதில்லை.

மேசன் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்திருக்க வேண்டும். தளத்துக்கும் சுவருக்கும் உள்ள உறவை அவர் பார்த்த மாதிரி எங்களில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

காணிக்காரருக்கு என்ன தேவை என்பதைக் கட்டடத்தை அளப்பதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்வோம். களஞ்சிய யோசனையும் லொறி வரும் வழியும் தொடக்கத்திலேயே மேசையில் இருந்திருந்தால், மறைப்புச் சுவரில் ஒரு பக்கத்தையாவது விட்டுவைக்க நானா வழி கண்டிருப்பார்.

கல், மண் சுமந்தவர்களின் பெயர்களைத் தனிப் பட்டியலாக இப்போதே சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். மூதாட்டி தகப்பனோடு வேலைசெய்த சிலரின் பெயர்களைச் சொன்னார். அவர்களில் இருவரின் குடும்பங்கள் ஆலங்கேணியில் இருக்கின்றன. ஆசிரியை அங்கே போய்ப் பேசுகிறார். மீனவரின் கொட்டிலில் கிடக்கும் கேபிள் துண்டின் விட்டத்தையும் ஈய உறையின் தடிப்பையும் அளந்து, அந்தப் பெயர்களோடு சேர்த்து, கைநூலின் இரண்டாம் பதிப்பில் போடுவோம்.